சாக்கடைத் தண்ணீர் பாயும் கழனி: பயிர் காட்டும் அறிகுறிகளும் அதற்குச் செய்ய வேண்டியவையும்

பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதே அபூர்வம். 2021 நவம்பரில் கரை புரண்டு வந்தது போல எப்போதாவது ஒரு வெள்ளம், மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் வேலூர் நகரத்துச் சாக்கடை மட்டும் சித்திரையிலும் நிற்பதில்லை. நிக்கல்சன் கால்வாயில் இறங்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேணி வற்றிய மாதத்தில் அந்தத் தண்ணீரை மடை திருப்பியோ, ஆயில் என்ஜின் வைத்து இறைத்தோ பயிர் காப்பாற்றுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேறு வழி இருந்தால் யார் அதில் கால் வைக்கப் போகிறார்கள்?

ஆனால் அதைக் கேணித் தண்ணீர் மாதிரியே நினைத்துப் பாய்ச்சுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. சாக்கடைத் தண்ணீரில் உரம் இருக்கிறது, உப்பு இருக்கிறது, கிருமி இருக்கிறது. நம் மாவட்டத்தில் சில இடங்களில் தோல் ஷாப்புக் (தோல் பதனிடும் ஆலை) கழிவும் சாயமும் இருக்கின்றன. பயிரில் கோளாறு தெரிந்ததும் மருந்துக் கடைக்கு ஓடாமல், இந்த நான்கில் எது வேலை காட்டுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கழனியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: தண்ணீரைப் பாருங்கள்

வாய்க்கால் ஓரமாக மேல்பக்கம் ஒரு கிலோமீட்டராவது நடந்து போய்ப் பாருங்கள். எந்தெந்தக் குழாய் வந்து சேர்கிறது, வீட்டுச் சாக்கடை மட்டும்தானா, பட்டறை, சாயக்கூடம், தோல் ஷாப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் போக வேண்டும். வீட்டுச் சாக்கடை எப்போதும் ஒரே மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும். நேரத்துக்கு நேரம் நிறம் மாறினால் வேறு ஏதோ கலக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். வாட்டர் பில்டர் விற்கிற கடைகளில் பேனா அளவில் கிடைக்கும். 450-க்குக் கீழே காட்டினால் உப்பைப் பற்றிக் கவலை இல்லை. 450 முதல் 2000 வரை இருந்தால் பயிரைப் பார்த்து, வடிகாலைப் பார்த்துப் பாய்ச்சலாம். 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. ஆய்வகத் தாளில் இதையே ஈ.சி. (மின்கடத்தும் திறன், டெசிசைமன்/மீட்டர் கணக்கில்) என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் 0.7-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேலே ஆபத்து. மீட்டர் ஒரு கணிப்புதான் காட்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மண்ணையும் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஈ.சி., பி.எச். (அமில கார அளவு), சோடியம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டால் போதாது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டி, என்ன பயிர் வைக்கலாம் என்று கேளுங்கள்.

பயிர் கருகருவென்று தழைக்கிறது, ஆனால் மணி பிடிக்கவில்லை, சாய்ந்துவிடுகிறது

அதிகம் பேர் கேட்கும் கோளாறு இதுதான். நெல் கரும்பச்சையாக இடுப்பளவு வளர்ந்து நிற்கும். பார்த்தவர்கள் கண் படும் அளவுக்கு இருக்கும். கதிர் தாமதமாக வரும், பாதி பதராகப் போகும், ஒரு காற்று மழை அடித்தால் பாய் விரித்தது போலப் படுத்துவிடும். கூடவே புகையான் பூச்சி, இலையுறை அழுகல், குலை நோய் எல்லாம் வரிசை கட்டி வரும். கத்தரியானால் செடி புதராக வளர்ந்து பூ கொட்டும். கரும்பானால் கணு நீளும், சர்க்கரைச் சத்து ஏறாது, காய்ச்சினால் வெல்லம் இளகி நிற்கும்.

காரணம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஓரங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓரங்குலத்துக்கு 3 கிலோ. நெல்லுக்கு ஒரு தடவை இரண்டங்குலம் பாய்ச்சுகிறோம், அதற்கு 6 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கிற தழைச்சத்தே 21 கிலோவுக்குள்தான். அதாவது மூன்று நான்கு தண்ணீர் பாய்ச்சினாலே ஒரு மூட்டை யூரியா போட்ட கணக்கு. மத்திய கால நெல்லுக்கு ஏக்கருக்கு மொத்தமாகவே 60 கிலோ தழைச்சத்துதான் சிபாரிசு. இருபது தண்ணீர் பாய்ச்சியவர் 120 கிலோ கொட்டியிருக்கிறார். அதில் ஒரு பங்கு காற்றோடு போகும், கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும், எல்லாமே பயிருக்குப் போய்ச் சேராது என்பது உண்மைதான். ஆனாலும் இதற்கு மேல் வழக்கப்படி அடியுரம், மேலுரம் என்று யூரியாவும் போட்டால் பயிர் என்ன செய்யும்? தழைக்கத்தான் செய்யும்.

என்ன செய்வது:

முதலில் யூரியாவை நிறுத்துங்கள். டி.ஏ.பி.யிலும் தழைச்சத்து இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மணிச்சத்து தேவை என்று மண் பரிசோதனை சொன்னால் சூப்பர் பாஸ்பேட்டாகப் போடுங்கள். பொட்டாஷைக் குறைக்காதீர்கள். தண்டுக்கு வலு கொடுத்துச் சாயாமல் காப்பது அதுதான். சாக்கடையிலும் கொஞ்சம் சாம்பல் சத்து (பொட்டாஷ்) உண்டு என்றாலும், வரும் தழைச்சத்துக்கு அது ஈடுகட்டாது.

மேலுரம் தேவையா இல்லையா என்று கண்ணால் முடிவு செய்யாமல் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை, உங்கள் உடம்பு நிழலில், அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். நேர் வெயிலில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அட்டையில் உள்ள நிற எண் வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே போனால்தான் யூரியா. சாக்கடை பாயும் கழனியில் பெரும்பாலும் போகாது.

கேணியில் கொஞ்சமாவது தண்ணீர் இருந்தால் அதைக் கடைசி நாளுக்குச் சேமித்து வையுங்கள். நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இது. பலர் முதலில் நல்ல தண்ணீரில் நட்டு, கேணி வற்றியதும் கதிர் நேரத்தில் சாக்கடையைத் திருப்புகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். தூர் கட்டும் காலத்தில் தழைச்சத்து பயிருக்குத் தேவை, அப்போது சாக்கடை பாயட்டும். தொண்டைக் கதிர் வந்த பிறகு கேணித் தண்ணீர். நாற்று சின்னதாக இருக்கும்போது உப்பைத் தாங்காது என்பதால் நட்ட முதல் பத்துப் பதினைந்து நாளுக்கு மட்டும் இரண்டையும் கலந்து விடலாம்.

ஏற்கெனவே தழைத்துவிட்ட பயிரைத் திருப்ப முடியாது. வயலைச் சில நாள் வடித்துக் காயவிடுங்கள். அடர்த்தியாக இருந்தால் எட்டடிக்கு ஒரு அடி வீதம் பயிரை விலக்கிப் பட்டம் பிரித்துக் காற்றோட்டம் கொடுங்கள். புகையான் தூரிலே உட்கார்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

இலை நுனியும் ஓரமும் காய்கிறது

இதற்கு ஒன்றுக்கு மேல் காரணம் உண்டு என்பதால் அவசரப்பட வேண்டாம். நெல்லானால் முதலில் பாக்டீரியா இலைக்கருகலா என்று பார்த்துவிடுவோம். காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் இலையைக் கத்தரித்து, ஒரு கண்ணாடி டம்ளர் நல்ல தண்ணீரில் நுனியை நனைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி இழையாகக் கசிந்தால் அது நோய். தழைச்சத்து மிஞ்சிய வயலில் அதுவும் வரும், மேலே சொன்னதைச் செய்யுங்கள். கசியவில்லை என்றால் உப்பு பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

உப்பாக இருந்தால் வயல் முழுக்க ஒரே சீராகக் காயாது. மேட்டுப் பகுதியிலும், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் மூலையிலும் திட்டுத் திட்டாக இருக்கும். பக்கத்துப் பயிரையும் பாருங்கள். பீன்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் வாடும். கத்தரி அதற்கு அடுத்து. நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) கொஞ்சம் தாங்கும். பருத்தி நன்றாகத் தாங்கும். பீன்ஸ் கருகி, அதே தண்ணீர் பாய்ந்த பருத்தி செழிப்பாக நின்றால் சந்தேகமே வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரி வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நல்ல விலை போகும் காய், உப்புத் தண்ணீரில் அதை வீணாக்க வேண்டாம்.

மா, எலுமிச்சையில் பழைய இலையின் நுனி மஞ்சளாகி, அப்புறம் ஓரமெல்லாம் பழுப்பேறினால் போரான் மிஞ்சியிருக்கலாம். சலவைச் சோப்புத்தூள் வழியாக வருவது. லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் தாண்டினாலே இந்த மரங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இதைக் கண்ணால் உறுதி செய்ய முடியாது, தண்ணீரைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். போரானை மண்ணிலிருந்து கழுவுவதும் உப்பைக் கழுவுவதைவிடச் சிரமம், அதனால் பழத்தோட்டத்துக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்பதே என் யோசனை.

உப்புக்குப் பரிகாரம்: பயிருக்குத் தேவையான அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு கூடுதலாகப் பாய்ச்சி, உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். வடிகால் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் உப்பும் தண்ணீரும் சேர்ந்து தேங்கி நிற்கும். பாரின் (வரிசையாக அணைத்த மண்மேட்டின்) தலையில் நடாமல் பக்கவாட்டில் நடுங்கள், தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பாரின் உச்சிக்குத்தான் ஏறுகிறது. தெளிப்பு நீர் வேண்டாம், இலைமேல் விழுந்து காய்ந்தால் அங்கேயே சுடும். நிலம் முழுதாகக் காய்வதற்கு முன் அடுத்த தண்ணீர் விடுங்கள், காயக் காய மண்ணிலிருக்கும் உப்பின் வீரியம் ஏறும்.

மண் மேலே வெள்ளை பூக்கிறது. தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. ஏர் ஓட்டினால் கட்டி கட்டியாகப் பெயர்கிறது

1000 டி.டி.எஸ். உள்ள தண்ணீரை ஒரு ஏக்கரில் ஓரங்குலம் பாய்ச்சினால் 100 கிலோ உப்பு வயலுக்குள் வருகிறது. இரண்டங்குலம் பாய்ச்சினால் 200 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையில் நான்கு. தண்ணீரைப் பயிர் குடித்துவிடும், வெயில் உறிஞ்சிவிடும், உப்பு மட்டும் அங்கேயே தங்கும். அதனால் வெள்ளை பூப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பலர் காசை விடுவது இந்த இடத்தில்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வயலில் நாலைந்து இடத்திலிருந்து கடலை அளவு காய்ந்த மண்கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் ஆகும். போர் தண்ணீர் மட்டும் கூடாது, அதிலிருக்கும் உப்பு கட்டியைக் கலங்காமல் பிடித்து வைத்து உங்களை ஏமாற்றும். கட்டியை மெதுவாக உள்ளே விட்டு, டம்ளரை அசைக்காமல் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி உடைந்து தூளாகக் கீழே உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் சோடியத் தொல்லை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி மேகம் பரவி, மறுநாள் காலையிலும் தெளியாமல் கலங்கியே இருந்தால் சோடியம் மண்ணைப் பிரித்துவிட்டது. களித்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நுண்துளைகளை எல்லாம் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்காததும் கல்லாக இறுகுவதும் அதனால்தான்.

தெளிவாக இருந்து வெள்ளை மட்டும் பூத்தால் அது வெறும் உப்பு, நல்ல தண்ணீரால் கழுவினால் போகும். நமக்கு அந்த நல்ல தண்ணீர் மழைதான். வட ஆற்காட்டுக்கு ஆடி ஆவணியிலும் இடிமழை உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் பருவமழை உண்டு. மழைக்கு முன் வரப்பை உயர்த்தி, நிலத்தைச் சமன் செய்து, பெய்யும் தண்ணீரை வயலிலேயே நிறுத்துங்கள். இறங்கிய பிறகு மீதியை வடித்துவிடுங்கள். அந்த மாதங்களில் மழை பெய்கிறதே என்று வயலைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வழியவிடுவது உப்பை வயலிலேயே விட்டு வைப்பதற்குச் சமம்.

கலங்கினால் ஜிப்சம் வேண்டும். எவ்வளவு என்று மண் பரிசோதனையில் கேட்டு வாங்குங்கள், பக்கத்துக் கழனிக்காரர் போட்ட அளவு உங்களுக்குப் பொருந்தாது. மேலே தூவி, மேல்மண்ணோடு கலந்து உழுது, நாலங்குலம் நல்ல தண்ணீர் நிறுத்தி வடிக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை மண்ணிலிருந்து கழற்றும், கழன்ற சோடியம் தண்ணீரோடு வெளியே போக வேண்டும். வடிக்காமல் விட்டால் போட்ட ஜிப்சம் தண்டம். அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். ஒரே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடாது, ஆனால் இரண்டாம் வருஷம் ஏர் ஓட்டும்போது காலுக்கே வித்தியாசம் தெரியும். வெறும் உப்பு மண்ணில் ஜிப்சம் போடுவது வீண் செலவு. முதலில் டம்ளர், அப்புறம் மூட்டை.

நெல் வளராமல் நிற்கிறது, பிடுங்கினால் வேர் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம்

சாக்கடையிலுள்ள மக்கும் சரக்கு வயலில் இருக்கும் பிராணவாயுவை எல்லாம் தின்றுவிடுகிறது. நிலத்தில் விடும் கழிவுநீருக்கு பி.ஓ.டி. (மக்கும் சரக்கு தின்னும் பிராணவாயுவின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் விதி. சுத்திகரிக்காத சாக்கடை அதைச் சாதாரணமாகத் தாண்டும். மூச்சு முட்டிய மண்ணில் கந்தக வாயு உண்டாகி வேரைக் கறுப்பாக்குகிறது. நல்ல வேர் வெள்ளையாகவோ, துருப்பிடித்த செம்பழுப்பாகவோ இருக்கும்.

நம் ஆட்களுக்குத் தெரிந்த காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இதற்கு மருந்து. தண்ணீரை வடித்து, மயிரிழை போல வெடிப்பு விழும் வரை காயவிட்டு, அப்புறம் பாய்ச்சுங்கள். கோனோவீடர் என்னும் களைக்கருவியை ஓட்டினால் மண்ணுக்குக் காற்று போகும். புது வேர் வெள்ளையாகக் கிளம்புகிறதா என்று ஒரு வாரம் கழித்து ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். சாக்கடையை நேராக வயலுக்கு விடாமல் ஒரு குட்டையில் தேக்கித் தெளியவைத்து விட்டால் இந்தக் கோளாறு பாதியாகக் குறையும்.

வேர் பரவாயில்லை, ஆனால் இலையில் துருப்புள்ளி விழுந்து நடுநரம்பு வெளுத்தால் அது துத்தநாகப் பற்றாக்குறை. எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் வரும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் மணலில் கலந்து தூவுங்கள்.

தண்ணீர் மஞ்சளாக, நீலமாக வருகிறது, காரமான வாடை, பயிர் ஒரே வாரத்தில் சுருண்டது

மடையை அடையுங்கள். இதற்கு வயலில் செய்யக்கூடிய வைத்தியம் கிடையாது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகை நெடுக இந்தக் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோலை உப்பில் போட்டுப் பதப்படுத்துவதால் தோல் ஷாப்புக் கழிவில் உப்பே டி.டி.எஸ். அளவில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதற்கு மேல் குரோமியம். பாசன நீரில் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் அளவுகோல். அறுமதிப்பு குரோமியம் என்ற வகை கலந்தால் தண்ணீர் மஞ்சளாகத் தெரியும், அதுதான் மிகக் கொடியது. உப்பை மழை கழுவும். குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு தலைமுறைக்கும் அங்கேயே கிடக்கும். ‘கேணித் தண்ணீரோடு கலந்து விட்டால் போகுது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவு குறைந்து தெரியும், ஆனால் பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

அன்றைக்கே செய்ய வேண்டியவை: சுத்தமான இரண்டு லிட்டர் பாட்டிலில், அதே தண்ணீராலேயே இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு, விளிம்பு வரை நிரப்புங்கள். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டுங்கள். பக்கத்துக் கழனிக்காரர் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, கலக்கும் இடத்தைப் படம் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். அதே மனுவைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளிலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். தனியாகப் போகாமல் அந்த வாய்க்காலில் பாய்ச்சும் எல்லோரும் சேர்ந்து போனால் மனுவுக்குக் கனம் கூடும்.

இது கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை. நம் மாவட்டத்துக்காரர்கள் போட்ட வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று தீர்ப்பு எழுதியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையம் அமைக்கவும், அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை நாடு முழுக்க இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது பிறந்த ஊரில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

வெறும் வெள்ளை நுரை மட்டும் என்றால் அது பெரும்பாலும் சலவைச் சோப்பு. மடையில் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் நுரைத்து, வாய்க்காலில் போகப் போக அடங்கினால் பயப்பட ஒன்றும் இல்லை.

சொட்டு நீர் அடைத்துக்கொள்கிறது

சாக்கடைத் தண்ணீருக்குச் சொட்டு நீர் நல்லதுதான். காயில் படாது, கையில் படாது. ஆனால் சல்லடை பில்டர் மட்டும் வைத்தால் தாங்காது. முன்னால் தெளியவைக்கும் தொட்டி, அப்புறம் மணல் பில்டர், கடைசியில் டிஸ்க் பில்டர் என்று மூன்றும் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி முடிச்சைத் திறந்து, தெளிவான தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள். வருவது வழவழப்பான கறுப்புப் பிசின் என்றால் குளோரின் கொடுக்க வேண்டும், வெள்ளைப் பொருக்கு என்றால் ஆசிட். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

கேணித் தண்ணீரின் ருசி மாறிவிட்டது

வருஷக்கணக்கில் சாக்கடை பாய்ந்த கழனியின் கேணியில் உப்பும் நைட்ரேட்டும் ஏறும். உப்பு நாக்குக்குத் தெரியும், நைட்ரேட் தெரியாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே கூடாது, ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் குழந்தை நீலம் பாரித்துவிடும். மோட்டார் கொட்டாயில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். குடிப்பதற்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர், கேணி பயிருக்கு மட்டும்.

களை எடுப்பவர்களுக்குக் காலில் அரிப்பு, குழந்தைகளுக்கு வயிற்றில் பூச்சி, வாங்குகிறவர்கள் கீரையில் வாடை என்கிறார்கள்

பயிரில் கோளாறே தெரியாதபோதும் இந்தப் பகுதி எல்லோருக்கும் உரியது.

முதலில் பயிர்த் தேர்வு. கீரை, கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, முள்ளங்கி என்று மண்ணை ஒட்டி வளர்ந்து, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடும் எதையும் இந்தத் தண்ணீரில் வைக்க வேண்டாம். நாற்பது நாளில் காசு வருகிறது என்பதற்காகச் சாக்கடை ஓரம் கீரை போடுவது பரவலாக நடக்கிறது. அதை வாங்கித் தின்பதும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். கரும்பு, பருத்தி, தென்னை, தீவனப்புல், மரப்பயிர் போடலாம். நெல்லும் போடலாம், சோறு வெந்துதான் இலைக்கு வருகிறது. மல்லிகை போடலாம் என்று பலர் சொல்வார்கள், பூவை யாரும் தின்பதில்லை என்பது சரிதான். ஆனால் விடியற்காலையில் வெறுங்காலோடு அந்தச் சேற்றில் நின்று அரும்பு பறிக்கும் பெண்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பறிக்கிற முந்தின நாள்களில் பாய்ச்சாமல், பாத்தி காய்ந்த பிறகு ஆள் விடுங்கள்.

கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறும் பாதம் வழியாகவே உடம்புக்குள் ஏறும். விரலிடுக்கில் அரிப்பு முதலில், மாதக்கணக்கில் சோகை அப்புறம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். கூலியோடு அதையும் சேர்த்துக் கொடுப்பது நிலத்துக்காரர் கடமை. ‘பூட்ஸ் சேத்துல புதையுதுங்க அண்ணே’ என்று களையெடுக்கும் பெண்கள் சொல்வது உண்மை, அதனால் களையெடுக்கும் முதல் நாள் தண்ணீரை வடித்துவிடுங்கள். கரையில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் இருக்கட்டும். கஞ்சி குடிக்கும் முன் கை கால் கழுவாமல் யாரும் உட்காரக் கூடாது.

உருண்டைப்புழு முட்டை கனமானது, தண்ணீரைத் தேக்கி வைத்தால் அடியில் உட்கார்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அந்த அளவு சுத்தம் வேண்டுமென்றால் குட்டைகளில் எட்டுப் பத்து நாள் தங்க வேண்டும். அவ்வளவு இடம் யாரிடமும் இல்லை என்றாலும், இரண்டு குட்டை வெட்டி ஒன்று நிரம்பும்போது மற்றதை அசையாமல் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் இறைப்பது ஒன்றும் செய்யாததைவிட எவ்வளவோ மேல். மோட்டாரின் உறிஞ்சு குழாயை அடியில் போடாமல், காலி கேனில் கட்டி மிதக்கவிடுங்கள். அடியில் சேரும் வண்டலை அள்ளினால் அப்படியே வயலில் கொட்டக் கூடாது, முட்டை முழுக்க அதில்தான் இருக்கிறது. தனியாகக் குவித்து ஒரு வருஷத்துக்கு மேல் காயவிட்டுப் பிறகு தென்னைக்குப் போடலாம்.

அறுவடைக்கு முன் எத்தனை நாள் பாய்ச்சாமல் இருக்கிறோமோ அத்தனைக்கு நல்லது. வெயிலே கிருமியைக் கொல்லும். கத்தரி மாதிரி வாரா வாரம் பறிக்கும் பயிரில் பறிப்பதற்கு முந்தின மூன்று நாளாவது தண்ணீர் கூடாது. பறித்த காயை அதே வாய்க்காலில் அலசிச் சந்தைக்கு அனுப்புகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதுவரை செய்த எல்லாம் அந்த ஒரு முக்கலில் வீணாகிவிடும்.

மாட்டுத்தீவனத்துக்கும் கணக்கு உண்டு. கடைசித் தண்ணீர் பாய்ச்சி இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த நிலத்தில் மாட்டை மேயவிட வேண்டும், நாடாப்புழு முட்டைக்காக. சாக்கடை பாய்ந்த இளம் சோளத்தட்டையிலும் புல்லிலும் நைட்ரேட் மிஞ்சியிருக்கும். வெறும் வயிற்று மாட்டுக்கு அதையே வயிறு முட்டப் போட்டால் மூச்சிரைத்து விழுந்துவிடும். வைக்கோல் பாதி, அது பாதி என்று கலந்து போடுங்கள்.

வயலில் இறங்குகிறவர்கள் எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘சாக்கடைத் தண்ணீர் பாயும் நிலத்தில் வேலை செய்கிறேன்’ என்று சொல்லிப் பூச்சி மாத்திரை கேட்டு வாங்குங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை டாக்டர் சொல்வார். கர்ப்பிணிகள் அவரைக் கேட்காமல் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு வருஷத்தில் இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றால் விடுபட்டவர்களுக்கென்று அடுத்து ஒரு நாள் வைப்பார்கள், அதைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.